வீட்டுக் கடன்: கையெழுத்துக்கு முன் கட்டணத் தாளைக் கேளுங்கள்

மன்னவனூரிலோ பூம்பாறையிலோ இருப்பவருக்கு வங்கி வேலை என்றால் ஒரு நாள் போய்விடும். கொடைக்கானலுக்கு வர வேண்டும். சில சமயம் மலையிறங்கி வத்தலக்குண்டு வரை போக வேண்டும். ‘இவ்வளவு தூரம் வந்தாச்சு, கையெழுத்தைப் போட்டுட்டே போயிடலாம்’ என்று தோன்றும். வட்டியை மட்டும் பார்த்துவிட்டுக் கட்டணங்களைக் கவனிக்காமல் விடுவது அந்த அவசரத்தில்தான்.

1. தாளைக் கேளுங்கள். 2024 அக்டோபர் 1 முதல், புதிய வீட்டுக் கடன் ஒவ்வொன்றுக்கும் முக்கிய விவர அறிக்கை (கே.எஃப்.எஸ்.) தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. கூட்டுறவு வங்கிக்கும் வீட்டுக் கடன் நிறுவனத்துக்கும் இது பொருந்தும். உங்களுக்குப் புரியும் மொழியில் தர வேண்டும், தமிழிலேயே கேளுங்கள்.

2. 8-வது வரிசையைப் பாருங்கள். புரொசசிங் கட்டணம், மதிப்பீட்டுக் கட்டணம், இன்சூரன்ஸ் எல்லாம் இங்கே இருக்கும். வங்கிக்குப் போவது எது, வங்கி வழியாக வெளியாருக்குப் போவது எது என்று பிரித்திருப்பார்கள். இதில் இல்லாத கட்டணத்தை உங்கள் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் பின்னால் வசூலிக்க முடியாது. பத்திரத்தை அடமானம் வைத்துப் பதிவு செய்யும் முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் அரசுக்குப் போகும் பணம். அவற்றைத் தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள்.

3. 9-வது வரிசையை ஒப்பிடுங்கள். ஏ.பி.ஆர். என்பது கட்டணங்களையும் சேர்த்த உண்மையான ஆண்டு விகிதம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கடன் 20 லட்சம், வட்டி 8.5%, காலம் 20 ஆண்டு. மாதத் தவணை சுமார் ரூ.17,356. புரொசசிங் கட்டணம் ஜி.எஸ்.டி.யுடன் ரூ.11,800, வக்கீல் கருத்துக்கும் மதிப்பீட்டுக்கும் ரூ.8,000, இன்சூரன்ஸ் ரூ.60,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். இவை போக உங்கள் கைக்கு வருவது ரூ.19,20,200 தான். தவணை மட்டும் மாறாது. ஆகவே ஏ.பி.ஆர். சுமார் 9.06% ஆகிவிடுகிறது. இன்னொரு வங்கி 8.7% வட்டி சொல்லி, கட்டணம் குறைவாக வாங்கினால், அதுவே மலிவாக இருக்கலாம். இந்த இன்சூரன்ஸ் கட்டாயமா, வேறு நிறுவனத்தில் எடுக்கலாமா என்றும் கேளுங்கள்.

4. 10-வது வரிசையை விடாதீர்கள். தவணை தவறினால் என்ன அபராதம், வட்டி முறையை மாற்ற எவ்வளவு என்பதெல்லாம் இங்கே. மாறும் வட்டியில் தனிநபர் வாங்கும் வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைத்தால் கட்டணம் கிடையாது. அந்த இடத்தில் ஏதாவது தொகை இருந்தால் காரணம் கேளுங்கள்.

5. தாளை வீட்டுக்கு எடுத்துப் போங்கள். அதில் சொன்ன நிபந்தனைகள் குறைந்தது மூன்று வேலை நாள் மாறாமல் இருக்க வேண்டும். அதற்குள் இன்னொரு வங்கியின் தாளையும் வாங்கி, இரண்டையும் பக்கத்தில் வைத்து வீட்டாரோடு படியுங்கள்.

6. பிடித்த பணத்தைச் சரிபாருங்கள். வெளியாருக்குக் கொடுத்த கட்டணத்துக்கு ரசீது வாங்குங்கள். தாளில் இல்லாத தொகையை வங்கி பிடித்திருந்தால் எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். உதவி எண் 14448.

படித்துப் பார்த்துவிட்டு வர இன்னொரு நாள் கூலியும் பஸ் காசும் போகும். இருபது வருடம் கட்டப்போகும் கடனுக்கு அந்த ஒரு நாளைக் கொடுங்கள்.