ஈடும் இருவினையொப்பும்

ஈடு என்னுஞ் சொல் வழக்கிற் பெரிதும் பயின்றது. படு பாடு எனவும், கெடு கேடு எனவும், விடு வீடு எனவும் திரிந்தாற்போல, இடு என்னும் முதனிலை நீண்டு ஈடு என நின்றது. கடனுக்காக எழுதிவைக்கும் நிலம் ஈடு. இழந்ததற்குப் பெறுவது நட்டஈடு. ஓரிடத்துப் பட்ட குறையைப் பிறிதோரிடத்து வரவால் நிரப்புதல் ஈடுகட்டுதல். வினைக்கீடாக உடம்பு வந்தது என நம் நூலார் கூறுமிடத்தோ, அஃது ஏற்ப என்னும் பொருட்டாய் நிற்கும். கைம்மாறு என்னும் பொருட்டன்று.

இவ்வேறுபாடு நோக்காதார் சிலர், உலகியற் பொருளை இருவினையொப்பின்மேல் ஏற்றி, நல்வினை தீவினையை ஈடுகட்டும் என்றும், இரண்டும் நிறையால் ஒத்தவழி ஒன்றையொன்று அழித்தொழியும் என்றும் கொள்வர். வட்டியில் மிகுத்து வாங்கியவர் கார்த்திகைச் சோமவாரத்தில் அன்னமிட்டுக் கணக்கு நேராயிற்று என மனம் அமைதல் இக்கொள்கை பற்றியே.

ஈடுகட்டுதல் ஓரினப் பொருள்கட்கே இயலும். ஒருவன் மற்றொருவனுக்கு 100 ரூபா தரற்பாலன். அவனிடமே 60 ரூபா பெறற்பாலன். 40 ரூபா கொடுப்பின் வழக்குத் தீரும்; இரண்டும் பணமாகலின். இன்பதுன்பங்கள் அங்ஙனமல்ல. பல்வலியுற்றானுக்கு இட்ட தேன்குழல் அவ்வலியைத் தணிப்பதுண்டோ? நிறைகோலையே எடுத்துக்கொள்வோம். தட்டுக்கள் ஒத்து நின்றவழிச் சுமை ஒழிந்ததில்லை. கோலைத் தூக்கிய கை இருதட்டின் பாரத்தையுமன்றோ தாங்குகின்றது! ஆதலின் இருவினையும் தனித்தனி நுகர்ந்தே கழியற்பாலன.

அற்றேல், கழுவாய் விதித்தது என்னையெனின், தீவினைக்குரிய வருத்தத்தை நோன்பு முதலியவற்றான் ஈண்டே நுகர்ந்து கழித்தற்கு என்க. அஃது எதிர்த்தட்டில் இட்ட புண்ணியமன்று.

ஒப்பு, வினையின் நிறையில் உளதன்று. உயிரின் அறிவில் உளது. சிவஞான முனிவர் (மறைவு 1785) கொண்ட கருத்தும் இதுவே. பொன்விலங்கும் விலங்கே, இரும்புவிலங்கும் விலங்கே எனக் கண்டு, இருவினைப் பயன்களையும் விருப்பு வெறுப்பின்றி ஒருபடித்தாக உவர்த்தலே இருவினையொப்பு. மலபரிபாகமும் சத்திநிபாதமும் இதனோடு இயைந்து நிகழ்வன. இனி, இவ்வொப்பு வந்தார்க்கு நன்றுந் தீதும் ஒன்றாகலின் எதனையுஞ் செய்யலாம் எனத் திரித்துரைப்பாரும் உளர். ஒப்பு, பயன்மேற் செல்லும் பற்றினைக் குறித்தது, ஒழுக்கத்தைக் குறித்ததன்று. இரும்புவிலங்கைத் தானே தேடிப் பூட்டிக்கொள்பவன் விலங்கினை உவர்த்தான் என்றல் யாங்ஙனம்?

மேற்கூறிய வட்டிக்காரர், மிகுத்து வாங்கியதைக் கொடுத்தவரிடமே திருப்பித் தருவாராயின், அதனை ஈடு என்னத் தடையில்லை. சோமவார அன்னம் வேறு கணக்கு.