சுழலும் கோல்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இலையுதிர் காலம் கால்பந்தாட்டக் காலமாகும். அங்குள்ளோர் கால்பந்து என்பது பிற நாடுகளில் வழங்கும் கால்பந்தன்று; நீள் உருண்டை வடிவான பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம் அது. சனிக்கிழமைகளில் பல்கலைக் கழக அரங்குகளில் பல்லாயிரவர் திரள்வர். முற்பாதி ஆட்டம் முடிந்து வீரர்கள் ஓய்வுக்குச் சென்றதும், வாத்தியக் குழுவினர் அணிவகுத்துத் திடலுள் புகுவர். அவர்களுக்கு முன்னே, பளபளக்கும் உலோகக் கோலொன்றைச் சுழற்றிக்கொண்டு தனியே வரும் மாணவியைக் கண்டு அரங்கம் ஆரவாரிக்கும்.

இக்கலையின் வேர் போர்ப்படையில் உள்ளது. ஐரோப்பியப் படைகளில் முரசுக் குழுவின் தலைவன் முனை பருத்த நீண்ட தடியை ஏந்தி முன்னே நடப்பான். முரசொலியில் குரல் கேளாது. ஆதலின் தொடங்குக, திரும்புக, நிற்க என்னும் ஆணைகளைத் தடியின் அசைவே உணர்த்தும். அமெரிக்கக் கல்விக்கூடங்களில் அத்தடி எடை குறைந்து, ஆணையிடும் கருவியாக இருந்தது ஆடும் கருவியும் ஆயிற்று. ஒகையோ மாநிலப் பல்கலைக் கழகத்தில் நெடுங்காலம் ஆடவரே வகித்த முரசுத் தலைவர் பதவியை 1981-ஆம் ஆண்டில் பெண் ஒருவர் முதன்முதலாக ஏற்றார். இந்தியானா மாநிலத்துப் பர்டியூ பல்கலைக் கழகத்தில் 1954-இல் தோன்றிய 'பொன் மங்கை' என்னும் பட்டம் இன்றும் மாணவியர் வழிவழியாக ஏற்கும் பெருமையாக விளங்குகிறது.

கோலின் இரு முனைகளிலும் ரப்பர்க் குமிழ்கள் உண்டு. ஒன்று பெரிது, மற்றொன்று சிறிது. ஆதலின் அதன் சமநிலைப் புள்ளி நட்டநடுவில் அமையாது, பெரிய குமிழின் பக்கம் சற்று விலகி நிற்கும். அப்புள்ளியை விரல்கள் கண்ணின் உதவியின்றி அறிதல் வேண்டும். மேலே எறிந்த கோல் இறங்குமுன் அவள் தானும் இருமுறை சுழன்று கையை நீட்டுவாள். எறிகையில் மணிக்கட்டு இம்மி பிசகினாலும் கோல் எட்டாத இடத்தில் விழும்.

இத்திறமை எளிதில் வருவதன்று. பெரும்பாலோர் சிறுமியராக இருக்கும்போதே கோலைக் கையில் எடுத்தவர்கள். பகலில் வகுப்பு, மாலையில் வாத்தியக் குழுவோடு ஒத்திகை, அதன்பின் தனிப் பயிற்சி. புதியதொரு வீச்சைப் பயில்கையில் விரல் மூட்டுகள் கன்றிப்போவதும், கோல் முகத்தில் படுவதும் உண்டு. கூரையின் கீழ்ப் பழகியது மட்டும் திடலுக்குப் போதாது. அங்கே காற்று வீசும். நவம்பர் மாதக் குளிரில் உலோகம் பனிக்கட்டிபோல் சில்லிடும், விரல் விறைக்கும். இசையோ எவருக்காகவும் நிற்பதில்லை. கோல் தரையில் விழுந்தால், ஆட்டத்தின் ஓர் அசைவுபோலவே அதனை எடுத்து, அடுத்த தாளத்தில் புன்னகையோடு சேர்ந்துகொள்ள வேண்டும். பிடித்த நூறு வீச்சுகளை மறந்து, தவறிய ஒன்றை நினைவில் வைப்போரும் அரங்கில் இருப்பர்!

1980-ஆம் ஆண்டில் சியாட்டில் நகரில் இக்கலைக்கு முதல் உலகப் போட்டி நடந்தது. எனினும், கல்லூரிகளுக்கிடையே நடைபெறும் முறையான விளையாட்டுகளின் வரிசையில் அதற்கு இன்னும் இடமில்லை. உதவித்தொகையும் சில இடங்களிலேயே கிடைக்கும். படிப்பு முடிந்தபின் சிலர் சிறுமியர்க்குக் கோல் சுழற்றக் கற்பிக்கின்றனர். அவர்கள் விட்டுச்சென்ற இடத்திற்கோ புதிய மாணவியர் தேர்வுக்கு வந்து நிற்கின்றனர்.