பழைய காருக்கு நைட்ரஸ்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

காட்டூரிலும் பழவேற்காடு ஏரியைச் சுற்றியுள்ள மீனவக் கிராமங்களிலும் ஒரு வீட்டு வாசலில் கார் நின்றால், அது பெரும்பாலும் கைமாறி வந்த வண்டியாகத்தான் இருக்கும். சென்னையில் ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடி முடித்த பிறகு இங்கே வந்து சேர்ந்திருக்கும். பொன்னேரி ஆஸ்பத்திரிக்கும், மீஞ்சூர் கடைத்தெருவுக்கும், உறவுக்காரர் கல்யாணத்துக்கும் அதே கார்தான். சில காலம் போனதும் "பிக்கப் இல்லை" என்ற குறை எழும். உடனே யாராவது ஓர் இளைஞர் "நைட்ரோ போட்டால் பறக்கும்" என்பார். 2001-இல் வெளிவந்த 'தி ஃபாஸ்ட் அண்ட் தி ஃபியூரியஸ்' படமும், அதைப் பார்த்து எடுக்கப்பட்ட பல படங்களும் விதைத்த ஆசை அது. அந்த ஆசையோடு ஒட்டிக்கொண்டு வரும் நம்பிக்கைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நம்பிக்கை 1: நைட்ரஸ் என்பது பெட்ரோலைவிட வீரியமான எரிபொருள்.

உண்மை: இளைஞர்கள் 'நைட்ரோ' என்று சொல்லும் நைட்ரஸ் ஆக்சைடு எரிபொருளே இல்லை. அது தானாக எரியாது. மற்றவை எரியத் துணை செய்யும். மயக்க மருத்துவர்கள் பயன்படுத்தும் அதே 'சிரிப்பு வாயு'தான் இது. இதை 1772-இல் ஜோசப் பிரீஸ்ட்லி கண்டறிந்தார். நாம் சுவாசிக்கும் காற்றின் எடையில் சுமார் 23 விழுக்காடு ஆக்சிஜன்; நைட்ரஸ் ஆக்சைடின் எடையில் 36 விழுக்காடு. இன்ஜினுக்குள் உள்ள சூட்டில் அது சிதைந்து ஆக்சிஜனைத் தரும். ஆக்சிஜன் கூடுதலாகக் கிடைப்பதால் பெட்ரோலையும் கூடுதலாக எரிக்கலாம். கூடுதல் சக்தி வருவது அந்தக் கூடுதல் பெட்ரோலிலிருந்துதான். ஆகவே "நைட்ரோ போட்டால் மைலேஜும் கூடும்" என்பதும் தவறு.

இந்த வித்தையின் அடிப்படை நம் ஏரிக்கரைக்குப் புதிதல்ல. ஏரிக்கு அக்கரையில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பும் பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் இரண்டாம் கட்டத்தில் எரிபொருளோடு நைட்ரஜன் டெட்ராக்சைடும் நிரப்பப்படுகிறது. அது வேறு சேர்மம்; ஆனால் எரிவதற்கான ஆக்சிஜனைக் கூடவே கொண்டு போவது என்ற தத்துவம் ஒன்றே. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் விமானப்படை, காற்று மெலிந்த உயரத்தில் இன்ஜின் சோர்ந்துவிடாமல் இருக்க நைட்ரஸ் ஆக்சைடையே செலுத்தியது. ஆனால் அந்த ராக்கெட் இன்ஜினின் வேலை ஒரே ஒரு பயணத்தோடு முடிந்துவிடுகிறது. உங்கள் கார் நாளைக் காலையும் கிளம்பியாக வேண்டும்.

நம்பிக்கை 2: பிக்கப் போன பழைய இன்ஜினுக்கு நைட்ரஸ் புது உயிர் கொடுக்கும்.

உண்மை: பிக்கப் குறைந்ததற்கு ஒரு காரணம் இருக்கும். ஏர் ஃபில்டர் அடைப்பு, டீசல் ஃபில்டர் அடைப்பு, தேய்ந்த கிளட்ச் பிளேட், கரி படிந்த இ.ஜி.ஆர். வால்வு, விரிசல் விட்ட டர்போ ஹோஸ், கம்ப்ரெஷன் இழந்த சிலிண்டர் என்று எதுவாகவும் இருக்கலாம். இவற்றில் ஒன்றைக்கூட நைட்ரஸ் சரி செய்யாது. கிளட்ச் ஏற்கெனவே வழுக்கினால் கூடுதல் சக்தியில் இன்னும் வழுக்கும்.

தேய்ந்த இன்ஜினுக்கு இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. ரிங்கும் வால்வு சீலும் தேய்ந்த வண்டியில் ஆயில் கசிந்து எரியறைக்குள் போகும். அந்த ஆயில் பெட்ரோலின் நாக்கிங் (கலவை தானாகவே வெடிப்பது) தாங்கும் திறனைக் குறைக்கும். பிஸ்டன் தலையில் படிந்த கரி தணல்போல் கனன்று, நேரத்துக்கு முன்பே கலவையைப் பற்றவைக்கும். அந்த நிலையில் நைட்ரஸ் உள்ளே போனால் சிலிண்டர் அழுத்தம் சட்டென்று உயரும். உடைவது பிஸ்டனாக இருக்கலாம், ஹெட் கேஸ்கெட்டாக இருக்கலாம், கனெக்டிங் ராட் பேரிங்காகவும் இருக்கலாம். இற்றுப்போன வலையில் பெரிய மீன் விழுந்தால் கிழிவது வலைதான்.

நம்பிக்கை 3: லட்சம் கிலோமீட்டர் தாண்டினாலே இன்ஜின் நைட்ரஸைத் தாங்காது.

உண்மை: இதுவும் முழு உண்மை இல்லை. ஓடோமீட்டர் எண் மட்டும் இன்ஜினின் உடல்நிலையைச் சொல்லாது. வேளாவேளைக்கு ஆயில் மாற்றி, சூடேறவிடாமல் ஓட்டிய இரண்டு லட்சம் கிலோமீட்டர் இன்ஜின், கவனிப்பில்லாத எண்பதாயிரம் கிலோமீட்டர் இன்ஜினைவிட நலமாக இருக்கலாம். அதைச் சொல்வது, சிலிண்டரின் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரெஷன் சோதனைதான். சிலிண்டர்களுக்கு இடையே வேறுபாடு சுமார் 10 விழுக்காட்டுக்குள் இருந்தால் நல்ல அறிகுறி. சிலிண்டரில் காற்றுக் கசிவைக் காட்டும் லீக்-டவுன் சோதனை, ஆயில் அழுத்தம், எரிபொருள் பம்பின் அழுத்தம், ஸ்பார்க் பிளக்கின் நிறம் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். சைலன்சரில் நீலப்புகை வந்தால் ஆயில் எரிகிறது. வெண்புகை நிற்காமல் வந்தால் கூலன்ட் கசிகிறது.

இவை எல்லாவற்றிலும் தேறிய பழைய இன்ஜின், சிறிய அளவு நைட்ரஸை முறையான அமைப்போடு தாங்கும். தாங்கும் என்பதால் தினசரி வண்டியில் மாட்டலாம் என்று பொருள் இல்லை. ஏன் என்பது அடுத்த மூன்று உண்மைகளில் இருக்கிறது.

நம்பிக்கை 4: கொஞ்சமாக, எப்போதாவது அழுத்தினால் ஒன்றும் ஆகாது.

உண்மை: 1.2 லிட்டர் பெட்ரோல் கார் ஒன்றின் சக்தி சுமார் 80 குதிரைத்திறன். அதில் 25 குதிரைத்திறன் கூட்டுவதே ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடுதல். கூடும் வாயுவுக்கு ஈடாகப் பெட்ரோலும் அந்த நொடியிலேயே கூட வேண்டும். பற்றவைக்கும் நேரத்தையும் பின்தள்ள வேண்டும். பெட்ரோல் குறைந்தால் கலவை மெலிந்து, சூடு ஏறி, சில நொடிகளில் பிஸ்டன் உருகும். பழைய காரில் பெட்ரோல் ஃபில்டர் அடைபட்டிருப்பதும் பம்ப் தளர்ந்திருப்பதும் சகஜம். கடலோர உப்புக் காற்றில் எர்த் இணைப்பும், மின்சாரத்தால் திறக்கும் சாலினாய்டு வால்வின் முனைகளும் பூத்துப்போவதை, படகு இன்ஜின் வைத்திருக்கும் எவரும் அறிவார்கள். வாயு வால்வு திறந்து பெட்ரோல் வால்வு திறக்காமல் போக, ஒரு பூத்த ஒயர் போதும்.

இன்னொன்று, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்து, இன்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 3,000 சுற்றுக்கு மேல் ஓடும்போதுதான் நைட்ரஸைத் திறக்க வேண்டும். காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்குக் கன்டெய்னர் லாரிகள் போய்வரும் சாலைகளில் அதற்கு எங்கே இடம்?

நம்பிக்கை 5: சிலிண்டரை டிக்கியில் வைத்து மூடிவிட்டால் பாதுகாப்பு.

உண்மை: நம் ஊர் வெயிலுக்கு இது மிக முக்கியமான செய்தி. நைட்ரஸ் ஆக்சைடு சிலிண்டருக்குள் அழுத்தத்தில் திரவமாக இருக்கும். 30 டிகிரி செல்சியஸ் அளவில் அழுத்தம் சதுர அங்குலத்துக்குச் சுமார் 900 பவுண்டு. 36.4 டிகிரிக்கு மேல் எவ்வளவு அழுத்தினாலும் அது திரவமாக நிற்காது. அதற்குமேல் சூடு கூடக்கூட அழுத்தம் மிக வேகமாக ஏறும். சித்திரை, வைகாசியில் வெளிவெயிலே அந்த அளவைத் தாண்டும். மூடிய காருக்குள் இன்னும் பல டிகிரி கூடும். அழுத்தம் கூடிய சிலிண்டரைத் திறந்தால் கணக்கிட்டதைவிட அதிக வாயு பாயும், ஆனால் பெட்ரோல் அதற்கேற்ப அதிகரிக்காது. மேலே சொன்ன மெலிந்த கலவை இப்படியும் உருவாகும்.

அளவுக்கு மீறிய அழுத்தத்தில் சிலிண்டரின் பாதுகாப்புத் தகடு உடைந்து வாயு வெளியேறும். மூடிய காருக்குள் அது ஆக்சிஜனை விரட்டிவிடும். உள்ளே இருப்பவருக்கு மயக்கம் வரும். குழந்தைகள் ஏறும் வண்டியில் அந்தச் சிலிண்டருக்கு இடமே இல்லை.

நம்பிக்கை 6: என் வண்டி, என் இஷ்டம்.

உண்மை: மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டின் திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாத மாற்றத்துக்கு உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டுமே. அழுத்த வாயுவை நிரப்புவதும் சேமிப்பதும் 2016-ஆம் ஆண்டின் வாயு உருளை விதிகளுக்கு உட்பட்டவை. சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டி இன்ஷூரன்ஸ் நிறுவனம் இழப்பீட்டை மறுக்கவும் வழி உண்டு. விபத்தில் அடிபடுபவர் எதிரில் சைக்கிளில் வரும் ஒரு பள்ளி மாணவராகவும் இருக்கலாம்.

வேகத்தின் மீது ஆசை கொள்வது குற்றமில்லை. இந்த வட்டாரத்துக்கே அதில் ஒரு வரலாறு உண்டு. பொன்னேரிக்குத் தெற்கே, சோழவரத்தில் உலகப்போர்க் கால விமான ஓடுதளத்தில்தான் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல ஆண்டுகள் கார் பந்தயம் நடத்தியது. இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளம் வந்த பிறகு பந்தயங்கள் அங்கே போயின. வேகம் பழக விரும்பும் தம்பிகளும் தங்கைகளும் போக வேண்டிய இடம் அதுதான். அங்கே ஹெல்மெட், தீயணைப்பு, மருத்துவ உதவி, தகுதிச் சோதனை எல்லாம் உண்டு.

வீட்டுக் காருக்கு வருவோம். நைட்ரஸ் கிட்டுக்கு ஒதுக்கிய பணத்தில் முதலில் கம்ப்ரெஷன் சோதனை செய்யுங்கள். ஃபில்டர்களையும் ஆயிலையும் கூலன்ட்டையும் மாற்றுங்கள். பிரேக் பேடும் டயரும் தேய்ந்திருந்தால் தள்ளிப்போடாதீர்கள். உப்புக் காற்று தின்ற எர்த் இணைப்புகளையும் பிரேக் குழாய்களையும் பார்க்கச் சொல்லுங்கள். ரிங் போயிருந்தால் நல்ல மெக்கானிக்கிடம் இன்ஜின் வேலை பாருங்கள். இழந்த பிக்கப் பெரும்பாலும் இவற்றிலேயே திரும்பிவிடும். நள்ளிரவில் பிரசவ வலி எடுத்த பெண்ணைப் பொன்னேரிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது இந்தக் கார்தான். சாவியைத் திருப்பியதும் அது கிளம்ப வேண்டும், பிரேக்கை மிதித்ததும் நிற்க வேண்டும். உங்கள் பணத்தை அந்த இரண்டுக்கும் செலவிடுங்கள்.