பிரித்தறிதலும் அளந்தறிதலும்

நுழையும்முன்
உடலின் நலத்தையும் நோயையும் உணர்த்தும் சான்றுகளுள் ஒன்று சிறுநீர். பழந்தமிழ் மருத்துவர் அதனைக் கண்ணால் ஆராய்ந்தனர். இன்றைய வேதியியலார் கருவியால் அளக்கின்றனர்.

சங்கரன்கோவில், விசைத்தறி நெசவுக்குப் பெயர்பெற்ற ஊர். கோடை வெப்பத்தில் தறிக்கூடத்தில் நெடுநேரம் உழைப்பவர் போதிய நீர் அருந்தாவிடில் சிறுநீரின் அளவு குறையும், நிறம் அடரும். நிறத்தைக் கொண்டு நீர்க்குறைவை ஊகிக்கலாம். சிறுநீரகம் செவ்வனே இயங்குகிறதா என்பதை அறிய நிறம் மட்டும் போதாது.

நீர்க்குறி, நெய்க்குறி
சித்த மருத்துவத்தின் எண்வகைத் தேர்வுகளுள் சிறுநீர்த் தேர்வும் ஒன்று. நிறம், மணம், நுரை, எடை, எஞ்சல் ஆகியவற்றை நோக்குவது நீர்க்குறி. சிறுநீரில் ஒரு துளி நல்லெண்ணெய் இட்டு, அது பரவும் வடிவை நோக்குவது நெய்க்குறி. துளி பாம்புபோல் நீள்வது வாதத்தையும், மோதிரம்போல் விரிவது பித்தத்தையும், முத்துப்போல் நிற்பது கபத்தையும் குறிக்கும் என்பர். இவை தன்மையை அறியும் முறைகள். அளவை அறிய வேறொரு வழி வேண்டும்.

கலவையும் அளவும்
சிறுநீரில் ஏறத்தாழ 95 விழுக்காடு நீர். எஞ்சியதில் புரதச் சிதைவால் தோன்றும் யூரியா, தசையிலிருந்து வரும் கிரியாட்டினின், பியூரின் சிதைவால் விளையும் யூரிக் அமிலம் முதலிய கழிவுகள் கலந்துள்ளன. பல நிற நூல்கள் கலந்து கிடக்கையில், நிறவாரியாகப் பிரித்த பின்னரே நெசவாளர் ஒவ்வொன்றையும் கணக்கிடுவார். கழிவுகளை அளப்பதற்கும் இதுவே நெறி.

நீர்ம வண்ணப்பிரிகை
உருசியத் தாவரவியலாளர் மிகயில் சுவெட், இலைச்சாற்றைச் சுண்ணத்தூள் நிரப்பிய குழாயில் செலுத்தி நிறமிகளைப் பிரித்தார். 1906இல் வண்ணப்பிரிகை எனும் அம்முறைக்கு, வண்ண எழுத்து எனப் பொருள்படும் பெயரை வழங்கினார். இன்று, வடிகட்டி நீர்க்கச் செய்த சிறுநீரை, நுண்துகள் நிரம்பிய குழாயினுள் நீர்மத்தோடு உயரழுத்தத்தில் செலுத்துவர். துகள்களோடு மிகுதியாக ஒட்டும் சேர்மம் தாமதமாகவும், குறைவாக ஒட்டும் சேர்மம் விரைவாகவும் வெளியேறும். கிரியாட்டினின், யூரிக் அமிலம் போன்றவை புறஊதா ஒளியை உட்கவர்வதால், கருவி அவற்றை வரைபடத்தில் முகடுகளாகப் பதிவுசெய்யும். வெளியேறும் நேரம் சேர்மம் இன்னதென உணர்த்தும். முகட்டின் பரப்பை, அளவு அறிந்த கரைசலின் முகட்டோடு ஒப்பிட்டு அளவைக் கணிப்பர்.

ஒருவர் நாள்தோறும் வெளியேற்றும் கிரியாட்டினின் பெரும்பாலும் சீரானது. ஆகவே, பிற கழிவுகளை அதனோடு ஒப்பிட்டுக் கூறுவர். இதனால் தறிக்கூடத் தொழிலாளியின் அடர்ந்த சிறுநீரையும், மிகுதியாக நீர் அருந்தியவரின் நீர்த்த சிறுநீரையும் ஒரே அளவுகோலால் மதிப்பிட இயலும்.

சிறுநீரகப் பாதிப்பு தொடக்கத்தில் பெரும்பாலும் வலியைத் தருவதில்லை. வலி வரும்வரை காத்திருப்பவர் காலம் கடந்தே அறிவார். இரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள கழிவுகளை உரிய காலத்தில் அளந்தறிவதே, உழைப்பவரின் உடலைக் காக்கும் முதற்படியாகும்.

கற்பவை கற்றபின்
1. நீர்க்குறியும் வண்ணப்பிரிகையும் எவ்வாறு வேறுபடுகின்றன?
2. கிரியாட்டினினோடு ஒப்பிட்டு அளப்பதன் தேவையை விளக்குக.