காருக்குள் ஈரம்... மார்புக்குள் சளி!

'காருக்கும் சித்த வைத்தியருக்கும் என்ன சம்பந்தம்?' என்று நீங்கள் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. வீட்டைப் பெருக்கித் துடைத்து, ஜன்னலைத் திறந்து, காற்றோட்டமாக வைத்துக்கொள்கிறோம். ஆனால் குடும்பத்தோடு உட்கார்ந்து மணிக்கணக்கில் மூச்சு விடுகிற காரை? வெளிப்பக்கம் முகம் பார்க்கிற மாதிரி துடைக்கிறோம். உள்ளே மிதியடியைத் தூக்கிப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

நம் முன்னோர்கள் ஆண்டை ஆறு பருவமாகப் பிரித்தார்கள். ஐப்பசி, கார்த்திகை கூதிர் காலம். மார்கழி, தை முன்பனி. மாசி, பங்குனி பின்பனி. குளிர்ச்சியும் ஈரமும் கபத்தின் குணங்கள் என்கிறது சித்த மருத்துவம். அதனால்தான் அடைமழையிலும் பனியிலும் தும்மல், பீனிசம், இரைப்பு உள்ளவர்கள் அவதிப்படுகிறார்கள். அந்த ஈரத்தைக் கதவு, கண்ணாடி எல்லாம் மூடிய ஒரு பெட்டிக்குள் அடைத்து வைத்தால் என்ன ஆகும்? யோசித்துப் பாருங்கள்.

என்னிடம் ஒரு தாய் தன் ஏழு வயதுப் பையனை அழைத்து வந்தார். காலையில் எழும்போது நன்றாக இருப்பானாம். பள்ளிக்கூடம் போய்ச் சேர்வதற்குள் தும்மலும் மூக்கொழுகலும் இழுப்பும் வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை ஒரு தொந்தரவும் கிடையாது. "ஸ்கூலுக்கு மட்டம் போட நடிக்கிறான் டாக்டர்" என்றார் அப்பா. "எதில் போகிறான்?" என்று கேட்டேன். "நம்ம கார்லதான்." மிதியடியைத் தூக்கிப் பார்க்கச் சொன்னேன். பின் ஸீட்டுக்குக் கீழே விரிப்பு சொதசொதவென்று ஊறி, கறுப்புக் கறுப்பாகப் பூஞ்சை பூத்திருந்தது. காரைக் காயவைத்த பிறகுதான் நான் கொடுத்த மருந்துக்கு வேலை செய்ய வழி கிடைத்தது.

ஈரமும் பூஞ்சையும் உள்ள இடத்தில் இருப்பவர்களுக்கு இருமல், இழுப்பு, ஆஸ்துமா தொல்லைகள் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் 2009-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. அது வீடு, கட்டடங்களைப் பற்றி எழுதியதுதான். ஆனால் பூஞ்சைக்கு வீடென்ன, காரென்ன? நனைந்த துணியும் பஞ்சும் ஒன்றிரண்டு நாள் காயாமல் கிடந்தாலே போதும், அது முளைக்க ஆரம்பித்துவிடும்.

ஈரம் எங்கிருந்து வருகிறது?

முதல் காரணம், நாமே! ஒருவர் விடும் மூச்சின் வழியாக ஒரு நாளைக்குச் சுமார் 300 முதல் 400 மில்லி வரை நீர் ஆவியாக வெளியேறுகிறது. நான்கு பேர் மூன்று மணி நேரம் பயணம் செய்தால், கிட்டத்தட்ட முக்கால் டம்ளர் தண்ணீரைக் காருக்குள் ஊற்றியதற்குச் சமம். இதோடு நனைந்த குடை, மழைக்கோட்டு, செருப்பு, ஈரத் தலை எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்த ஆவி கண்ணாடியில் ஏன் படிகிறது? ஐஸ் தண்ணீர் ஊற்றிய எவர்சில்வர் டம்ளரின் வெளிப்பக்கம் முத்து முத்தாக வியர்க்கிறதே, அதே கதைதான். 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். 10 டிகிரியில் 9 கிராம்தான் தாங்கும். மேட்டுப்பாளையத்தில் ஏறி, கல்லாறு தாண்டி, குன்னூர் வழியாக ஊட்டிக்குப் போகிறீர்கள். ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரம். மார்கழி, தையில் அங்கே குளிர் நடுக்கும். வெளியே கண்ணாடி சில்லிட்டுப் போகிறது. உள்ளே உங்கள் மூச்சு. தாங்க முடியாத ஈரத்தைக் காற்று கண்ணாடியில் இறக்கி வைத்துவிடுகிறது. கொண்டை ஊசி வளைவில் எதிரே வரும் பஸ் தெரியாமல் போவது உயிருக்கே ஆபத்து அல்லவா?

கண்ணாடி மங்கினால் என்ன செய்வது?

ஓட்டிக்கொண்டே கையால் துடைக்காதீர்கள். கையின் எண்ணெய்ப் பசை ஒட்டி, அடுத்த முறை இன்னும் மோசமாக மங்கும். கண்ணை மறைக்கிற அளவுக்கு மங்கினால், பத்திரமான இடத்தில் ஓரங்கட்டி நிறுத்திவிடுங்கள். பிறகு:

1. உள் காற்றே திரும்பத் திரும்பச் சுற்றும்படி பொத்தான் இருந்தால், அதை வெளிக்காற்று வரும்படி மாற்றுங்கள். 'வெளியேதான் பனி மூட்டமாக இருக்கிறதே' என்று தயங்காதீர்கள். 10 டிகிரியில் 9 கிராம் மட்டுமே தாங்கிய அந்தக் காற்றை 25 டிகிரிக்குச் சூடாக்கினால் 23 கிராம் வரை தாங்கும். அதாவது, காருக்குள் இருக்கும் ஈரத்தை அது உறிஞ்சிக்கொண்டு வெளியேறும்.

2. காற்றை முன்கண்ணாடிப் பக்கம் திருப்பி, விசிறியை வேகமாக வையுங்கள்.

3. ஏ.ஸி.யைப் போட்டு, வெப்பக் குமிழைச் சூட்டுப் பக்கம் திருப்புங்கள். 'குளிரில் ஏ.ஸி.யா?' என்று கேட்காதீர்கள். ஏ.ஸி. குளிர வைப்பதோடு காற்றின் ஈரத்தையும் பிழிந்து எடுக்கும். ஓடும் காருக்கு அடியில் சொட்டுகிற தண்ணீர் அதுதான்.

4. இந்த வசதிகள் இல்லாத பழைய வண்டியா? எதிரெதிர் ஜன்னல்களை இரண்டு விரல் அளவு இறக்கி வையுங்கள்.

சென்னை, நாகப்பட்டினம் மாதிரி கடலோர ஊர்களில் சில சமயம் நிலைமை தலைகீழ். மழை நாளில் உள்ளே ஏ.ஸி.யை அதிகம் குளிர வைத்தால், கண்ணாடியின் வெளிப்பக்கம் மங்கும். அப்போது வைப்பரைப் போட்டு, குளிரைக் குறையுங்கள். காற்றைக் கண்ணாடி மேல் படாமல் திருப்புங்கள். விரலால் தொட்டுப் பார்த்தால் ஈரம் உள்ளேயா, வெளியேயா என்று தெரிந்துவிடும்.

நோயின் மூலத்தைப் பாருங்கள்

நோய்முதல் நாடுவது காருக்கும் பொருந்தும். மழையே இல்லாத நாளிலும் விரிப்பு ஈரமாக இருந்தால், எங்கேயோ ஒழுகுகிறது என்று அர்த்தம்.

முன்கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் இருக்கும் பள்ளத்தில் வேப்பிலை, கொன்றைப் பூ எல்லாம் மக்கி அடைத்திருக்கும். அள்ளிப் போடுங்கள். கதவின் அடியில் நீர் வடியும் சிறு துளைகளையும் ரப்பர் பட்டைகளையும் பாருங்கள். ஏ.ஸி. ஓடியும் அடியில் தண்ணீர் சொட்டவில்லை, ஆனால் முன் ஸீட்டின் காலடியில் ஈரம் என்றால், வடிகுழாய் அடைத்திருக்கலாம். கண்ணாடியில் பிசுபிசுப்பான படலமும், உள்ளே இனிப்பான வாசனையும் இருந்தால், ஹீட்டரிலிருந்து கூலன்ட் கசியலாம். அது நச்சுத் திரவம். உடனே மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

காய்ந்த நாளில் நான்கு கதவையும் டிக்கியையும் திறந்து வெயிலில் விடுங்கள். மிதியடிகளைக் கழற்றி வெளியே காயப்போடுங்கள். விரிப்பின் மேல் பழைய செய்தித்தாளை வைத்து அழுத்தி, ஈரம் ஊறியதும் மாற்றுங்கள். அடியில் இருக்கும் பஞ்சு ஊறியிருந்தால் மேலே மட்டும் காய்வதில் பயனில்லை. தூக்கித்தான் காயவைக்க வேண்டும். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் நடந்ததுபோல் வெள்ளநீர் புகுந்த காரென்றால், சாக்கடையும் சேர்ந்திருக்கும். அந்தப் பஞ்சை மாற்றிவிடுவதே நல்லது.

பூஞ்சையை உலர்ந்த பிரஷ்ஷால் தேய்க்காதீர்கள், தூளாகப் பறக்கும். மூக்கை மூடிக்கொண்டு, சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடையுங்கள். இரைப்பு உள்ளவர்கள் இந்த வேலையைச் செய்யவே கூடாது. வீடு சேர்வதற்குச் சில நிமிஷம் முன்பே ஏ.ஸி.யை அணைத்து, விசிறியை மட்டும் ஓடவிட்டால் உள்பாகங்கள் உலர்ந்து துர்நாற்றம் குறையும். ஈரக் காருக்கு உறை போட்டு மூடாதீர்கள்.

இவை வேண்டவே வேண்டாம்!

சாம்பிராணிப் புகை: வீட்டில் போடுகிறோமே என்று காருக்குள் தணல் வைக்காதீர்கள். மூடிய இடத்தில் எரியும் கரி, கார்பன் மோனாக்ஸைடு என்ற விஷ வாயுவை உண்டாக்கும். அதற்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. தலைவலி, குமட்டல், மயக்கம் என்று தொடங்கி உயிரையே பறிக்கும். நொச்சிப் புகைக்கும் இதே எச்சரிக்கைதான். கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, எஞ்சினை ஓடவிட்டுக் காருக்குள் தூங்குவதும் இதே காரணத்தால் ஆபத்து.

நாப்தலீன் உருண்டை: ஈரத்தை இது எடுக்காது. ஜி6பிடி என்ற நொதிக் குறைவு உள்ள குழந்தைகளுக்கு இதன் ஆவி ரத்த அணுக்களைச் சிதைத்து, மஞ்சள் காமாலையில் கொண்டுபோய் விடலாம்.

கல்லுப்பு: ஈரத்தை உறிஞ்சித் தண்ணீராகிக் கசியும், தகரம் துருப்பிடிக்கும்.

வாசனை ஸ்பிரே: நாற்றத்தை மறைக்கும், பூஞ்சையை அல்ல. இழுப்பு உள்ளவர்களுக்கு இது கூடுதல் தொல்லை.

வேண்டுமானால் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். நாற்றத்துக்குத் துணிப்பையில் அடுப்புக்கரி போதும். பற்ற வைக்காத கரிதான், ஞாபகம் இருக்கட்டும்!

உடம்புக்கு?

பனிக்காலப் பயணத்தில் பிளாஸ்க்கில் சுக்குக் காப்பியோ, துளசி போட்ட வெந்நீரோ எடுத்துப் போங்கள். ரசத்தில் மிளகு கொஞ்சம் கூடட்டும். ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர் எடுப்பவர்கள் எந்தக் கஷாயத்தை நம்பியும் அதை நிறுத்தக் கூடாது, கையோடு வைத்திருங்கள். மூச்சு வாங்கிப் பேச முடியாமல் போனாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

வீட்டில் யாருக்காவது காரில் ஏறினால் மட்டும் தும்மலோ, இருமலோ வருகிறதா? மருந்துச் சீட்டு எழுத வைப்பதற்கு முன், காரின் மிதியடியைத் தூக்கி, விரிப்பை உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். கையில் ஈரம் ஒட்டினால், வைத்தியத்தை அங்கிருந்து தொடங்குங்கள்.