ஊராட்சித் தலைமையில் பெண்கள்: அழைப்புச்சொல்லும் கையொப்பமும்

உள்ளாட்சி அமைப்புகளில் மூன்றில் ஒரு பங்கிற்குக் குறையாத இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்க வகைசெய்த 73ஆம் அரசியலமைப்புத் திருத்தம் 1992இல் நிறைவேறியது. அதன்வழி அமைந்த 1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் கீழ் 1996இல் முதல் தேர்தல் நடைபெற்றது. 2016இல் இவ்வொதுக்கீடு 50 விழுக்காடாக உயர்ந்தது. ஒதுக்கீடு நடைமுறைக்கு வராத சட்டமன்றத்திலோ 2021 தேர்தலில் வென்ற 234 பேரில் பெண்கள் 12 பேரே. சட்டம் வழிவிட்டால் பெண்கள் பதவிக்கு வருவர் என்பதற்கு இவ்வேறுபாடு சான்றாகும். வந்தபின் எதிர்கொள்ளும் தடைகளையே இக்கட்டுரை ஆராய்கிறது.

அரசு ஆவணங்களில் ‘தலைவர்’ என்னும் சொல் இருபாலார்க்கும் பொதுவாக வழங்குகிறது. ஊர் வழக்கில் பெண் தலைவர் ‘பிரசிடெண்டம்மா’ ஆகிறார். ‘அம்மா’ என முடியும் இத்தகைய பெயர்கள் இருவகைப் பொருள் தருவன. ‘டீச்சரம்மா’ தாமே ஆசிரியராக இருப்பவர். ‘பண்ணையாரம்மா’ பண்ணையாரின் மனைவி. ‘பிரசிடெண்டம்மா’ இவற்றுள் எவ்வகை என்பதைச் சொல்வடிவம் காட்டுவதில்லை; ஊரின் அதிகார உறவே காட்டுகிறது. கணவர் ‘பிரசிடெண்டு’ என அழைக்கப்படும் ஊர்களில், பதவிக்குரியவர் அவர்தம் மனைவியாக மட்டுமே அறியப்படுகிறார். இதனைப் பெண்ணின் அறியாமைக்குச் சான்றாகக் கொள்வது பொருந்தாது. அலுவலரும் ஒப்பந்தக்காரரும் கணவரிடமே பேசுகின்றனர். ஊர்ப்பொது முடிவுகள் தேநீர்க்கடையிலும் கோயில் திண்ணையிலும் உருவாகின்றன. அவ்விடங்களில் பெண்கள் அமர்ந்து பேசுவது பல ஊர்களில் வழக்கமன்று.

சாதி இத்தடையை மேலும் இறுக்குகிறது. ஊராட்சிக் கணக்கிலிருந்து பணம் எடுக்கும் காசோலையில் தலைவரோடு துணைத்தலைவரும் கையொப்பமிட வேண்டும். தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கின்றனர். துணைத்தலைவரை வார்டு உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கின்றனர். எனவே, தலைவர் பதவி பட்டியல் சாதிப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்ட ஊரிலும், உறுப்பினர்களுள் பெரும்பான்மையாக உள்ள ஆதிக்கச் சாதியினர் துணைத்தலைவர் பதவியைத் தம்வசம் வைத்துக்கொள்ள இயலும். துணைத்தலைவர் கையொப்பமிட மறுத்தால் குடிநீர்க்குழாய்ப் பழுதும் தெருவிளக்குப் பணியும் தேங்கும். மக்களின் சினம் தலைவர்மேல் திரும்பும். ‘பெண்ணுக்கு நிர்வாகம் தெரியாது’ என்னும் கூற்றுக்கு வேண்டிய சான்று இங்ஙனமே உருவாக்கப்படுகிறது.

கடலூர் மாவட்டத்தில் பட்டியல் சாதியைச் சேர்ந்த பெண் தலைவர் ஒருவர் ஊராட்சிக் கூட்டத்தில் தரையில் அமர்ந்திருந்த ஒளிப்படம் 2020இல் வெளியானது, வழக்கும் பதிவானது. நாற்காலி மறுக்கப்பட்டதை ஒளிப்படம் காட்டிவிட்டது. கையொப்ப மறுப்பை அவ்வாறு காட்ட இயலாது. வேலைப்பளு, கணக்கில் ஐயம், உடல்நலக் குறைவு எனக் காரணம் எதுவும் கூறலாம். பாதிக்கப்பட்ட தலைவர் மாவட்ட ஆட்சியருக்கு மனு அளிக்கலாம். அம்மனுவின் மீது விசாரணை நடந்து முடியும்வரை அவரது ஐந்தாண்டுப் பதவிக்காலம் காத்திருப்பதில்லை.