ரிம்மை அளந்த பிறகு கம்பி வாங்குங்கள்

ரிம்மும் ஹப்பும் கையில் வந்து சேரும் வரை ஸ்போக்ஸ் கம்பிக்கு ஆர்டர் போடாதீர்கள். மலைச் சைக்கிளுக்குத் தானே சக்கரம் கோக்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் மூன்றையும் ஒரே இரவில் ஆர்டர் போட்டுவிடுகிறார்கள். ரிம் கம்பெனி இணையத்தில் போட்டிருக்கும் விட்டத்தைக் கால்குலேட்டரில் தட்டி, அது சொன்ன நீளத்துக்கு 64 கம்பி. கோத்துப் பார்த்தால் ஒரு பக்கம் நிப்பிளுக்கு வெளியே மரை தெரிகிறது, மறுபக்கம் நிப்பிள் மரை முடிந்து நின்றுவிடுகிறது. தெருமுனை சைக்கிள் கடையில் மாற்றிக்கொள்ளவும் வழியில்லை. அங்கே தொங்குவது முன்னால் 32, பின்னால் 40 என்று கோக்கும் சாதா சைக்கிளின் கம்பி.

சில முடிவுகளை யோசிக்காமலே எடுத்துவிடலாம். 32 துளை. ஒவ்வொரு கம்பியும் மற்ற மூன்றைக் கடக்கும் பின்னல். டிஸ்க் பிரேக்கின் இழுவை ஹப்பில் பிறந்து கம்பி வழியாகத்தான் ரிம்முக்குப் போகிறது. குறுக்கே கடக்காமல் நேராக நிற்கும் கம்பியால் அதைத் தாங்க முடியாது. கழுத்து வளைந்த கம்பியா, நேர்த்தலைக் கம்பியா என்று கேட்டால், வளைந்ததுதான். நேர்த்தலை ஹப் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அதற்கான நீளக் கணக்கு ஹப்புக்கு ஹப் மாறும், அவசரத்துக்கு ஒரு கம்பிகூட அகப்படாது.

அடுத்தது தடிமன். நடுவில் மெலிந்த 'பட்டட்' கம்பியைக் கண்டால் பலருக்குப் பயம். முழுக்க 2 மி.மீ. தடிமன் உள்ளதுதான் உறுதி என்று நினைக்கிறார்கள். கம்பி நடுவில் அறுவது அபூர்வம். கழுத்து வளைவில் அறும், இல்லையென்றால் மரை தொடங்கும் இடத்தில் அறும். சக்கரம் சுழலச் சுழலத் தரைப்பக்கம் வரும் கம்பி தளர்வதும், மேலே போனதும் மறுபடி இறுகுவதுமாக இருக்கிறது. அந்தத் தளர்ச்சியும் இறுக்கமும் மாறி மாறி வந்துதான் உலோகம் களைத்துப்போகிறது. ஜாப்ஸ்ட் பிராண்ட் 1981-இல் வெளியான 'தி பைசைக்கிள் வீல்' நூலில் இதை விரிவாக விளக்கியிருக்கிறார்.

கணக்கைப் பாருங்கள். 290 மி.மீ. நீளக் கம்பியை 100 கிலோ விசையில் இழுத்தால், முழுக்க 2 மி.மீ. தடிமன் உள்ளது அரை மி.மீ.க்கும் சற்றுக் குறைவாக நீளும். நடுப்பகுதி 1.5 மி.மீ. உள்ளது ஏறக்குறைய 0.8 மி.மீ. நீளும். அதிகம் நீண்ட கம்பி, ரிம் அமுங்கும்போது முழுசாகத் தளர்ந்துபோகாது. எடை குறைவது உபரி லாபம்: இதே நீளத்தில் ஒரு கம்பி சுமார் 7 கிராமிலிருந்து நாலரை கிராமுக்கு இறங்கும்.

இதை எந்தப் பக்கம் போடுவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பின்சக்கரத்தில் பல்சக்கரங்களுக்கு இடம் விட்டு வலது ஃபிளேஞ்ச் நடுக்கோட்டை நெருங்கி நிற்கும். முன்சக்கரத்தில் டிஸ்க் இடதுபக்க ஃபிளேஞ்சை உள்ளே தள்ளும். நெருங்கிய பக்கத்துக் கம்பி அதிகம் இறுகினால்தான் ரிம் நடுவில் நிற்கும். உதாரணமாக, நடுக்கோட்டிலிருந்து வலது ஃபிளேஞ்ச் 21 மி.மீ., இடது 34 மி.மீ. என்றால், வலதில் 100 கிலோ இறுக்கம் இருக்கும்போது இடதில் 62 கிலோதான் வரும். அந்தத் தளர்ந்த பக்கத்தில் போய்த் தடித்த கம்பியைப் போட்டால் அது கால் மி.மீ.தான் நீண்டிருக்கும், கரடுமுரடான இறக்கத்தில் அடிக்கடி செத்துப் பிழைக்கும், நிப்பிளும் தானாகக் கழலும். ஆகவே இறுகிய பக்கத்துக்கு 2.0–1.8–2.0, தளர்ந்த பக்கத்துக்கு 2.0–1.5–2.0. இரண்டு பக்கமும் ஒரே கம்பி போடுகிறவர்களின் சக்கரமும் ஓடத்தான் செய்கிறது. நான் போட மாட்டேன்.

உடல் எடை 90 கிலோவைத் தாண்டினாலோ, மின்மோட்டார் வைத்த மலைச் சைக்கிள் என்றாலோ, இறுகிய பக்கத்துக்குக் கழுத்து மட்டும் தடித்த 2.34–1.8–2.0 கம்பி. கழுத்து ஹப் துளைக்குள் நுழைகிறதா என்று ஒரே ஒரு கம்பியை வைத்து முதலில் பார்த்துவிடுங்கள்.

1.5 கம்பிக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு: நிப்பிளைத் திருகும்போது கம்பியும் சேர்ந்து முறுக்கிக்கொள்ளும். கோக்கும் முன்பே ஒவ்வொன்றின் மேலும் மார்க்கர் பேனாவால் நெடுக ஒரு கோடு போட்டுவிடுங்கள். கோடு சுற்றிக்கொண்டால், வேண்டியதற்குக் கால் சுற்று கூடத் திருகி அந்தக் கால் சுற்றைத் திருப்பிவிட வேண்டும். பட்டையான கம்பியில் இந்தத் தொல்லை கண்ணுக்கே தெரியும், பிடித்துக்கொள்ளவும் வசதி. விலைதான் கசக்கும்.

நிப்பிள்: பித்தளை. அலுமினியம் போட்டால் 64 நிப்பிளுக்கும் சேர்த்து 40 கிராம் மிச்சம். கார்பன் ரிம்மில் அலுமினியமும் மழை ஈரமும் சேர்ந்தால் அரிப்பு பிடிக்கும். அதற்குப் பிறகு கோட்டம் எடுக்கச் சாவியை வைத்தால் நிப்பிள்தான் உடையும்.

இப்போது நீளம். மொத்த வேலையும் இங்கேதான் கெடுகிறது, அதுவும் கவலைப்பட வேண்டாத இடத்தில் கவலைப்படுவதால். ஹப்பை வெர்னியர் வைத்துப் பலமுறை அளக்கிறார்கள். ஃபிளேஞ்ச் தூரத்தில் 1 மி.மீ. தவறினால் கம்பி நீளத்தில் வரும் பிழை 0.1 மி.மீ. அளவுதான். ரிம் விட்டத்தில் 2 மி.மீ. தவறினாலோ முழுசாக 1 மி.மீ. போய்விடும். ரிம் கம்பெனிகள் இந்த விட்டத்தை ஒரே மாதிரி அளப்பதும் இல்லை: சிலர் நிப்பிள் உட்காரும் இடம் வரை, சிலர் கம்பியின் நுனி நிற்க வேண்டிய இடம் வரை. உங்களுக்கு வேண்டியது இரண்டாவது.

அதை அளக்க இரண்டு பழைய கம்பி போதும். தலையை வெட்டி, மரை நுனியிலிருந்து மறுமுனை வரை சரியாக 200 மி.மீ. இருக்கும்படி அரம் போட்டு எடுங்கள். நீங்கள் போடப்போகும் அதே நிப்பிளை, வாஷர் போடுவதாக இருந்தால் வாஷரோடு, எடுத்துக்கொள்ளுங்கள். கம்பியின் நுனி நிப்பிள் தலையில் உள்ள ஸ்க்ரூடிரைவர் பள்ளத்தின் அடியைத் தொடும் வரை திருகி, ஒரு சொட்டுப் பசை வைத்துவிடுங்கள். இரண்டையும் நேர் எதிர்த் துளைகளில் மாட்டுங்கள். 32 துளை ரிம்மில் முதலாவதும் பதினேழாவதும். ஒருவர் இரண்டையும் விறைப்பாக இழுத்துப் பிடிக்க, இன்னொருவர் இடைவெளியை இரும்பு ஸ்கேலால் அளக்கட்டும். அதோடு 400-ஐக் கூட்டினால் விட்டம் கிடைக்கும். ரிம்மைச் சுற்றி நாலு இடத்தில் அளந்து சராசரி எடுங்கள். துணித் தையல் டேப்பைக் கொண்டுவராதீர்கள்.

விட்டம் 600, ஹப் துளைவட்டம் 58, துளை 2.6 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். மூன்று கடக்கும் 32 துளைப் பின்னலுக்குக் கோணம் 67.5 பாகை. ரிம் ஆரத்தின் வர்க்கம் 90,000, துளைவட்ட ஆரத்தின் வர்க்கம் 841, ஃபிளேஞ்ச் தூரத்தின் வர்க்கம் (இடது 34-க்கு) 1,156. இவற்றின் கூட்டுத்தொகையிலிருந்து, 2 × 300 × 29 × கோசைன் 67.5, அதாவது 6,659-ஐக் கழித்து வர்க்கமூலம் எடுத்தால் 292.1. ஹப் துளையில் பாதி 1.3 போக, இடது கம்பி 290.8. இதே வழியில் வலது 289.6. கால்குலேட்டரும் இதைத்தான் செய்கிறது. ஒருமுறை கையால் போட்டுப் பார்த்தவருக்கு எந்த எண்ணைத் தப்பாகக் கொடுத்தோம் என்று பிறகு சட்டென்று தெரியும்.

துளைகள் நடுவிலிருந்து விலகிய ரிம் என்றால், விலகலை நெருங்கிய பக்கத் தூரத்தோடு கூட்டி மறுபக்கத்தில் கழித்துவிட்டுப் போடுங்கள். 3 மி.மீ. விலகலில் 21, 34 என்பது 24, 31 ஆகும். தளர்ந்த பக்கத்தின் இறுக்கம் 62-லிருந்து 77 விழுக்காட்டுக்கு ஏறும். காசு இருந்தால் கம்பியில் கொட்டுவதைவிட இப்படிப்பட்ட ரிம்மில் கொட்டலாம்.

கடையில் இரண்டிரண்டு மி.மீ. இடைவெளியில்தான் கிடைக்கிறது என்றால் கவலை வேண்டாம்: மேலே வந்த இரண்டு அளவுக்கும் 290 பொருந்தும். இறுக்கத்தில் கம்பி அரை மி.மீ. நீளப்போகிறது, எனவே சந்தேகம் வந்தால் கீழ்ப்பக்கமே சாயுங்கள். ஆனால் 1 மி.மீ.க்கு மேல் குறையக் கூடாது. நுனி நிப்பிள் தலைக்குள் நுழையாவிட்டால் தலை தனியாகக் கழன்று வரும், அலுமினிய நிப்பிளில் நிச்சயமாக. முன்சக்கரத்தின் ஹப் அளவே வேறு. அதற்குத் தனியாகக் கணக்குப் போடுங்கள்.

டிடி ஸ்விஸ், சாபிம், பில்லர் ஆகிய மூன்றில் உங்கள் நீளம் எவரிடம் கையிருப்பில் இருக்கிறதோ அவரிடம் வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் 16, கூடவே ஒவ்வொரு ரகத்திலும் இரண்டு உபரி. உபரிக் கம்பியின் மேல் எந்தச் சக்கரம், எந்தப் பக்கம் என்று ஒரு துண்டு டேப்பில் எழுதி ஒட்டிவையுங்கள்; 1.8-ஐயும் 1.5-ஐயும் இருட்டில் விரலால் பிரித்தறிய முடியாது.